செம்மண்ணில் மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது. சென்சிடிவிட்டியைக் குறைத்தால் ஆழம் போய்விடுமா?

முரளி_மெல்பர்ன் · சனி இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமா உட்கார்ந்து படிச்சிட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்கு வேற வழியில்லாம எழுதுறேன்.

விக்டோரியாவுல தங்கம் தேடறதுக்கு மைனர்ஸ் ரைட்ங்கிற அனுமதி எடுத்து மூணு மாசம் ஆச்சு. அனுமதி பத்து வருஷத்துக்குச் செல்லுமாம், என் பொறுமைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இன்னைக்கு விடியக்காலைல பையனை எழுப்பி வண்டில போட்டுக்கிட்டு டனோலி பக்கம் காட்டுக்குப் போனேன். செக்கச்செவேல்னு மண்ணு, மேல பூரா சின்னச் சின்ன துருப்பிடிச்ச மாதிரி கல்லு, நடுநடுவுல வெள்ளைப் படிகக்கல். பார்த்ததும் இதுதான் இடம்னு மனசு சொல்லிச்சு.

காயிலை (மெஷினோட அடியில இருக்கிற வட்டத் தட்டு) தரைல வச்சேன் பாருங்க, கூண்டுக்குள்ள மாட்டின கிளி மாதிரி கத்த ஆரம்பிச்சது, மதியம் வரைக்கும் நிறுத்தல. கையில இருக்கிறது பல அதிர்வெண்ல ஓடுற விஎல்எஃப் (தாழ்ந்த அதிர்வெண் அலையை விடாம அனுப்புற வகை) மெஷின். சென்சிடிவிட்டி, அதாவது எவ்வளவு மெலிஞ்ச சத்தத்தையும் பிடிக்கணும்ங்கிற செட்டிங், 25 வரைக்கும் போகும், நான் 22ல வச்சிருந்தேன். பதினாலு குழி தோண்டினேன். கிடைச்சது: மூணு ஈயக்குண்டு, ஒரு பூட்ஸ் ஆணி, மிச்சம் பத்து குழியிலயும் சிவப்புக் கல்லு. பையன் எட்டாவது குழியிலயே "அப்பா, நான் கார்ல இருக்கேன்"னு போயிட்டான்.

12க்கு இறக்கலாம்னு பார்த்தேன். பார்க்கிங்ல நின்ன ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, "இறக்கினா ஆழம் போயிரும், தங்கம் எல்லாம் அடியிலதான் இருக்கு"ன்னார். கத்த விடணுமா, இறக்கணுமா? யாராவது தெளிவாச் சொல்லுங்க.

சும்மா_வந்தவன் · சனி இரவு 9:52

போன் சட்டைப் பையிலயா இருந்துச்சு? ஏரோபிளேன் மோடுல போட்டீங்களா? பாதி பேர் கதை அங்கேயே முடிஞ்சிரும்.

பெண்டிகோ_அண்ணை · சனி இரவு 11:15

தம்பி முரளி, உதுக்கு ஒருத்தரும் நம்பரில பதில் சொல்ல ஏலாது. முதல்ல கத்துறது ஆர் எண்டு பிடியுங்கோ.

காயிலை இடுப்பளவு உயரத்தில தூக்கி, அசைக்காமல் பிடியுங்கோ. அங்கயும் கத்தினால் அது மண் இல்லை. மின்கம்பி, போன், பக்கத்தில இன்னொருத்தர்ர மெஷின், இல்லாட்டி காயில் வயர் தளர்ந்து ஆடுது. சும்மா_வந்தவன் சொன்ன போன் விசயம் சரிதான், நானும் ஒருக்கா அரை நாள் அதால பட்டனான். அதுக்கு மெஷினில நொய்ஸ் கேன்சல் கிடக்கு. காயிலை அசைக்காமல் வச்சு அமத்தினால் வேற சனலுக்குப் போகும்.

மேல அமைதியாய் இருந்து, கீழ இறக்க இறக்கச் சத்தம் ஏறினால் அது மண்தான். டனோலி, மோலியாகல், டார்னகுல்லா, வெடர்பர்ன் எல்லாம் உப்பிடித்தான். அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட். சிவப்பு மாத்திரம் எண்டால் பெரிய பிரச்சினை இல்லை. அதுக்குள்ள மாக்னடைட், மாகெமைட் எண்டு காந்தத்தோட விளையாடுற ரெண்டு கிடக்கு, கூத்து முழுக்க அதுகளாலதான். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில சுத்தி மண்ணுக்குள்ள இழுத்துப் பாருங்கோ, தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

மண் எண்டு உறுதியானால் சென்சிடிவிட்டியில கை வைக்க முதல் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கோ, அதெண்டால் மண்ணின்ர சத்தத்தை மெஷினுக்குப் பழக்கிக் கழிக்கிறது. புதுசா வாறவை எல்லாரும் விடுற பிழை இதுதான். உலோகம் இல்லாத ஒரு துண்டு நிலமாய்ப் பார்த்து, பட்டனை அமத்திக்கொண்டு காயிலை மேலயும் கீழயும், தரைக்கு ஒரு ரெண்டு விரல் வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய் வாங்கோ. ஏறி இறங்கேக்க சத்தம் மாறாமல் சமனாய் வந்தால் பேலன்ஸ் பிடிச்சிட்டுது. அந்தக் காட்டில இருபது அடி தள்ளிப் போனால் மண் வேற, மழை பெய்தால் திரும்பவும் வேற. காலமை வீட்டு முத்தத்தில செய்த பேலன்ஸ் அங்க செல்லாது.

ட்ராக்கிங் போட்டால் மெஷின் தானாய்ச் செய்யும். ஆனா மெலிஞ்ச சத்தம் ஒண்டு கேட்டு, அதுக்கு மேலயே பத்துத் தரம் ஆட்டினால் அந்தத் தங்கத்தையும் மண் எண்டு நினைச்சு அழிச்சுப்போடும். சந்தேகச் சத்தம் வந்தால் ட்ராக்கிங்கை நிப்பாட்டிப்போட்டு ஆட்டுங்கோ.

இவ்வளவும் செய்தபிறகும் கத்தினால் அப்ப இறக்குங்கோ. ஒவ்வொண்டாய். 22, 21, 20. ஒரேயடியாய் 12க்குப் பாயாதேங்கோ.

முரளி_மெல்பர்ன் · ஞாயிறு காலை 7:05

அண்ணா, ரொம்ப நன்றி. உண்மையைச் சொல்லிடறேன், கிரவுண்ட் பேலன்ஸ் பட்டனை இதுவரைக்கும் நான் தொட்டதே இல்ல. வாங்கும்போது கடைக்காரர் "அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்"னார்.

ராஜா_பல்லாரத் · ஞாயிறு காலை 8:30

நான் எதிர்க்கட்சி. பதினொரு வருஷமா ஆட்டுறேன், சென்சிடிவிட்டியை முக்கால்வாசிக்குக் கீழ கொண்டுவந்ததே இல்ல. மெஷின் கத்தட்டுமே! காதைப் பழக்கணும். சந்தைல ஆயிரம் பேர் கத்துறாங்க, நம்ம புள்ள "அப்பா"ன்னா தனியாக் கேக்குதில்ல? அது மாதிரிதான். மண்ணோட சத்தம் அலைஅலையா வரும், அகலமா இருக்கும். தங்கம் சுருக்குனு வந்து நிக்கும். ரெண்டு பக்கத்துல இருந்து ஆட்டினாலும் அதே இடத்துல நிக்கும்.

அமைதியா ஓடுற மெஷின் தூங்குற மெஷின். எல்லாரும் அமைதியா ஆட்டிட்டுப் போன இடத்துலதான் நான் எடுத்திருக்கேன்.

சுருள்_வாத்தியார் · ஞாயிறு காலை 10:20

கோவையிலிருந்து எழுதுகிறேன். எனக்குத் தங்க வேட்டை தெரியாது, பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் "இறக்கினால் ஆழம் போய்விடும்" என்ற பயத்தைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம்.

காயில் அனுப்பும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு (மூன்றாம் படிக்கு) ஏற்பக் குறைகிறது. அது போய் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் புலமும் அதே போல மும்மடியில் குறைந்துதான் காயிலுக்கு வருகிறது. போக மூன்று, வர மூன்று, மொத்தம் ஆறுமடி. அதாவது ஒரு பொருள் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால் அதன் குரல் 64இல் ஒரு பங்காகிவிடும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். மெஷினின் உணர்திறனைச் சரிபாதியாக்கினால் ஆழமும் பாதியாகும் என்றுதானே தோன்றும்? ஆகாது. இரண்டின் ஆறாம் படிமூலம் ஏறக்குறைய 1.12. முன்பு 20 செ.மீ.யில் கேட்டது இப்போது 18 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகக் கேட்கும். கால்வாசியாக்கினால்கூட 16 செ.மீ. கிடைக்கும். (பொருள் காயிலின் ஆரத்தைவிட ஆழத்தில் இருக்கும்போது இந்தக் கணக்கு பொருந்தும். மெஷினில் காட்டும் 22, 12 என்ற எண்கள் நேர்விகிதத்தில் அமைந்தவை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.)

மண்ணோ தூரத்தில் இல்லை, காயிலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. பெருக்கத்தை ஏற்றினால் மண்ணின் குரலும் தங்கத்தின் குரலும் சேர்ந்தே ஏறும், விகிதம் மாறாது. போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் பெருக்கி திணறிவிட்டால் தங்கம் இருந்தும் தெரியாது. கல்யாண மண்டபத்தில் மைக் செட்காரர் ஓசையை ஏற்ற ஏற்ற பாடுபவர் குரல் ஏறாமல் ஊளைச் சத்தம் கிளம்புமே, அந்த நிலைதான். அப்போது வால்யூமைக் கொஞ்சம் இறக்குகிறவர்தான் நல்ல மைக் செட்காரர்.

விகிதத்தை மாற்ற வேண்டுமானால் வேறு வழி பார்க்க வேண்டும். சின்ன காயில் போட்டால் ஒரே நேரத்தில் பார்க்கும் மண் குறையும். டபுள் டி வகைக் காயில் (டி எழுத்து வடிவில் இரண்டு சுற்று), ஒரே மையத்தில் வட்டங்களாகச் சுற்றிய கான்சென்ட்ரிக் காயிலைவிட இத்தகைய மண்ணைச் சமாளிக்கும், ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இல்லையென்றால் பல்ஸ் இண்டக்‌ஷன் முறைக்கே மாற வேண்டும். அது ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, திரும்பி வருவது எப்படித் தேய்கிறது என்று கேட்கிறது. தங்கத்தின் குரல் ஒரு மாதிரி தேயும், மாகெமைட் மண்ணின் குரல் வேறு மாதிரி, இழுத்துக்கொண்டே தேயும். இரண்டு வெவ்வேறு கணத்தில் அளந்து கழித்தால் மண் காணாமல் போகும். அடிலெய்டில் உள்ள மைன்லேப் 1990களின் நடுவில் எஸ்டி 2000 என்று கொண்டுவந்த கருவியில் செய்தது இதைத்தான். ஆஸ்திரேலியாவில் "தோண்டி முடிந்தது" என்று விட்ட இடங்களில் மறுபடி தங்கம் எடுத்தார்களே, அதற்கு இந்தக் கழித்தல் கணக்குதான் பெரிய காரணம். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. எந்த உலோகத் துண்டு தற்செயலாக மண்ணைப் போலவே தேய்கிறதோ, அது மண்ணோடு சேர்ந்து கழிந்துபோகும்.

ராஜா_பல்லாரத் · ஞாயிறு காலை 11:02

வாத்தியார் ஐயா, கணக்குக்குக் கும்பிடு. ஆனா அந்த ரெண்டு செ.மீ.லதான் என் மருமகளுக்குப் போட்ட மோதிரம் கிடந்துச்சு.

பெண்டிகோ_அண்ணை · ஞாயிறு காலை 11:40

ராஜா, நீர் சொல்லுற ஆழக்கதையைக் கொஞ்சம் விடும். 1869இல மோலியாகலில எடுத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர், உலகத்திலயே பெரிய கட்டி, ஒரு மர வேருக்குப் பக்கத்தில ஒரு சில செ.மீ. மண்ணுக்குக் கீழதான் கிடந்தது. 1980இல கிங்கோவரில டிடெக்டராலயே எடுத்த ஹேண்ட் ஒஃப் ஃபெய்த், 27 கிலோ, அதுவும் ஒரு அடி மட்டில. ரெண்டுக்கும் ஆழத்தைப் பிடிக்கிற மெஷின் தேவைப்படேல்லை, அந்த இடத்தால நடந்துபோகத்தான் ஆள் தேவைப்பட்டது.

முரளியின்ர மண்ணில 22இல ஓடுறவன் ஒரு நாளைக்கு அரைக் காணி நிலம்கூடப் பார்க்கமாட்டான். கத்துற ஒவ்வொண்டுக்கும் நிண்டு யோசிக்க வேணும். அமைதியாய் ஓடுறவன் மூண்டு மடங்கு நிலம் பார்ப்பான்.

பளைப்_பிள்ளை · ஞாயிறு பின்னேரம் 3:25

நான் தங்கம் தேடினதில்லை. ஆறு வருஷம் கண்ணிவெடி அகற்றுற வேலை செய்தனான், முகமாலைப் பக்கமும் பிறகு உள்ளுக்க வன்னியிலயும். இதை வாசிச்சுக்கொண்டிருக்க எனக்கு ஒரு விசயம் வித்தியாசமாய்ப் படுது, அதால எழுதுறன்.

நீங்கள் எல்லாரும் "எவ்வளவில வைக்கிறது, எவ்வளவுக்கு இறக்கிறது" எண்டு கதைக்கிறியள். எங்களுக்கு அப்பிடிக் கதைக்கவே இடமில்லை. இறக்கினால் ஆற்ரையோ கால் போகும். பாகிஸ்தான் செய்த பி4 எண்டு ஒரு மிதிவெடி, முழுக்க பிளாஸ்டிக். உள்ளுக்க ஒரு பொட்டு உலோகம்தான். அந்தப் பொட்டு, இந்த மண்ணில, இந்த ஆழத்தில கேக்குதா? இந்தக் கேள்வி ஒண்டுதான் எங்களுக்கு.

காலமை வேலைக்கு இறங்க முதல் ஒவ்வொருத்தரும் சோதிக்க வேணும். மிதிவெடியில இருக்கிற அளவு உலோகத்தைக் கொண்ட சோதனைத் துண்டு ஒண்டு இருக்கும். அதை நாங்கள் வேலை செய்யப்போற மண்ணிலயே, தேட வேண்டிய ஆழத்தில தாட்டு வச்சு, மேலால காயிலைக் கொண்டு போவம். கேட்டால் உள்ளுக்க போகலாம். தேத்தண்ணிக்கு எழும்பி வந்து திரும்பப் போகேக்கயும் சோதனை. பற்றரி மாத்தினாலும் சோதனை. காத்தில துண்டைக் காட்டிப் பார்த்திட்டு "வேலை செய்யுது" எண்டால் சுப்பவைசர் உறுக்கிப்போடுவார். காத்தில எல்லா மெஷினும் கெட்டிக்கார மெஷின்தான்.

முகமாலை வெள்ளை மணல், அங்க மெஷின் பூனை மாதிரி. கிரவல் போட்ட பழைய வீதிக்கரையோ, சரளை மண்ணோ வந்தால் அதே மெஷின் பேய் பிடிச்ச மாதிரி. இன்னொரு இடமும் இருக்கு, நீங்கள் கவனிச்சியளோ தெரியாது: எரிச்ச இடம். குப்பை எரிச்ச குழி, பழைய அடுப்படி, செங்கல் சூளை. மண் ஒண்டுதான், பக்கத்தில அமைதி, எரிச்ச வட்டத்துக்குள்ள சத்தம். சூடு பட்டால் மண்ணில இருக்கிற இரும்பு மாகெமைட்டாய் மாறுமாம், பயிற்சியில சொன்னவை. நாங்கள் அந்த வட்டத்தின்ர ஓரத்தைக் கையால கீறிக் காட்டலாம், அவ்வளவு துல்லியமாய் இருக்கும். உங்கட காட்டிலயும் பழைய தங்கம் தோண்டினவையின்ர அடுப்புகள் இருக்கும்தானே.

மண் கத்துற கத்தில சோதனைத் துண்டு கேக்கேல்லை எண்டால் நாங்கள் இறக்கிறதில்லை, மெஷினை ஒரு பக்கம் வச்சிட்டு வாருகோல் எடுக்கிறது. குந்தியிருந்து, முன்னால இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய் வாரி, முழு ஆழத்துக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் போனால் பெரிய காரியம். உங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. தங்கம் காத்துக்கொண்டிருக்கும், வெடிக்காது.

நான் சொல்ல வந்தது: நம்பரைப் பார்க்காதேங்கோ. ஒரு துண்டைத் தாட்டு வச்சு அதைக் கேளுங்கோ.

சும்மா_வந்தவன் · ஞாயிறு மாலை 3:50

இதுக்கு மேல நான் வாயைத் திறக்கல. அக்கா, வணக்கம்.

முரளி_மெல்பர்ன் · ஞாயிறு மாலை 6:10

பளைப்_பிள்ளை அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். மனைவிகிட்டயும் படிச்சுக் காட்டினேன்.

ஒரு சந்தேகம். என்கிட்ட தங்கக் கட்டி கிடையாது, அதைத் தேடித்தானே போறேன். சோதனைத் துண்டுக்கு என்ன பண்றது? மனைவி கம்மலைக் கேட்டேன். பதில் இங்க எழுத முடியாது.

பெண்டிகோ_அண்ணை · ஞாயிறு இரவு 8:00

ஈயம், தம்பி. நீங்களே மூண்டு குண்டு தோண்டி வச்சிருக்கிறியள்! சின்னத் தங்கக் கட்டியும் அதே அளவு ஈயக்குண்டும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே குரல். அதாலதான் நாங்கள் நாள் முழுக்க ஈயம் தோண்டுறம். 22 ஏர்கன் குண்டு எண்டால் ஒரு கிராம் மட்டில வரும். மீன்பிடிக் கடையில சின்ன ஈயக்குண்டும் வாங்கலாம்.

அதை ஒரு மெல்லிய மூங்கில் குச்சியின்ர நுனியில பசையால ஒட்டுங்கோ, ஆணியால அடிக்காதேங்கோ. குழி தோண்டிப் புதைக்கிறதில்லை. கிண்டின மண் வேற மாதிரிக் கத்தும், சோதனை பிழைச்சுப்போகும். ஒரு மொத்தத் திருப்புளியால பக்கத்தில இருந்து சரிவாய் ஒரு துளை போட்டு, திருப்புளியைத் தூர வச்சிட்டு, குச்சியை அதுக்குள்ள தள்ளுங்கோ. மேல இருக்கிற மண் அப்பிடியே கிடக்க வேணும். ஆழத்தைக் குச்சியில முதலே கோடு போட்டு வச்சுக்கொள்ளுங்கோ.

இன்னொண்டு: உலோகத்தை வகை பிரிக்கிற டிஸ்கிரிமினேஷனை முழுக்க நிப்பாட்டுங்கோ. இரும்பு நிறைஞ்ச மண்ணில ஆழத்தில கிடக்கிற நல்ல உலோகத்துக்கு ஸ்கிரீன் காட்டுற நம்பரும் இரும்புப் பக்கம் இழுபட்டுப் போகும். ஸ்கிரீன் "ஆணி" எண்டும், தோண்டினால் ஆணியாய் இருக்காது. அந்த மண்ணில ஸ்கிரீனைப் பார்க்கிறவன் கெட்டான்.

குளச்சல்_கடலோடி · ஞாயிறு இரவு 9:30

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்க பிரச்சினை தங்க வயல் இல்ல, கடற்கரை. தங்கச்சி வீட்டுக்காரர் மோதிரம் போன மாசம் குளிக்கும்போது கழண்டு போச்சு. வெளிநாட்டுல இருந்து வந்த ஒரு கூட்டுக்காரன் மெஷின் கொண்டு வந்தான். காஞ்ச மணல்ல அமைதியா இருக்கு, அலை வந்து போற ஈர மணல்ல கால் வச்ச உடனே கத்து கத்துன்னு கத்துது. எங்க ஊர்ப் பக்கம் கருமணல் வேற. மணவாளக்குறிச்சில அதை அள்ளித்தானே கம்பெனியே நடக்குது. ரெண்டும் சேர்ந்தா என்ன செய்ய?

சுருள்_வாத்தியார் · ஞாயிறு இரவு 10:15

உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எதிரி. முரளிக்கு ஒன்றுதான்.

கருமணல் என்பது இல்மனைட், மாக்னடைட் போன்றவை, காந்தத்தின் வழியாகத் தொல்லை தருபவை. உப்புநீர் அப்படியில்லை, அது மின்சாரத்தைக் கடத்துகிறது. மெஷினுக்கு ஈரமான உப்பு மணல் ஒரு பெரிய, மெலிந்த உலோகத் தகடு மாதிரி. சங்கடம் என்னவென்றால் மெல்லிய தங்க மோதிரமும் செயினும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் குரல் கொடுக்கும். ஒற்றை அதிர்வெண் மெஷினில் உப்பு கேட்காதபடி பேலன்ஸ் செய்தால் கருமணல் கத்தும், கருமணலுக்குச் செய்தால் உப்பு கத்தும். பல அதிர்வெண்ணில் ஓடும் மெஷின் இரண்டு மூன்று அலைவரிசையை ஒப்பிட்டு இரண்டையும் ஓரளவு கழிக்கும். பீச் மோட் என்று தனியாகப் போட்டிருப்பது அதற்குத்தான். நண்பரின் மெஷினில் அது இருந்தால் அதில் போட்டு, சென்சிடிவிட்டியைத் தாராளமாக இறக்கி, காயிலைத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் வைத்து ஆட்டச் சொல்லுங்கள். ஈர மணலில் காயில் ஏறி இறங்கினாலே கத்தும்.

இத்தனை நாள் அலை அடித்த பிறகு மோதிரம் அதே இடத்தில் இருக்கும் என்று மட்டும் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

இழைக்_காவலர் · திங்கள் காலை 6:50

மோதிரம் தேடுவதில் தப்பில்லை. ஆனால் இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் கோயில், கோட்டைப் பக்கம் மெஷினோடு போகலாமா என்று எனக்குத் தனியாகக் கேட்கிறார்கள். கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் தோண்டுவது குற்றம். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. விக்டோரியாவிலும் எல்லாக் காடும் திறந்த காடு இல்லை, வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், தோண்டிய குழியை மூடுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே வேண்டாம்.

தேன்கூடு77 · திங்கள் காலை 9:15

முரளி தோண்டின அந்தப் பத்து சிவப்புக் கல்லைப் பத்தி யாரும் பேசலையே. அதுங்கதான் ஹாட் ராக். சுத்தி இருக்கிற மண்ணை விட இரும்பு வேற விகிதத்துல இருக்கிற கல்லு. மண்ணுக்குப் பேலன்ஸ் பண்ணி வச்சிருக்கிற மெஷினுக்கு அந்தக் கல்லு மட்டும் அந்நியமாத் தெரியும், உடனே கூப்பிடும். எவ்வளவு இறக்கினாலும் பெருசா இருந்தா கூப்பிடத்தான் செய்யும்.

நான் பண்றது: சத்தம் வந்ததும் காலாலயே மேல் மண்ணை ஒரு இழுப்பு. சத்தம் இடம் மாறிடுச்சுன்னா மேலாப்புல கிடக்கிற கல்லுதான். மாறலைன்னா காயிலை மெதுவாத் தூக்கிப் பார்ப்பேன். நிறைய ஹாட் ராக் நாலு விரல் தூக்கினதுமே செத்துரும். அப்புறம் ஒரு எட்டு பக்கவாட்டுல நின்னு குறுக்கா ஆட்டணும். மண் திட்டா இருந்தா ஒரு பக்கம் கேக்கும், மறுபக்கம் இழுத்து நீளும். தோண்டி எடுத்த கல்லு ரெண்டைப் பையில போட்டு வச்சுக்குங்க. அடுத்த வாட்டி பேலன்ஸ் பண்ணினதும் அதுங்க மேல ஒரு தடவை ஆட்டிப் பார்த்தா அன்னைக்கு என்ன மாதிரி பொய்ச் சத்தம் வரும்னு காதுக்குப் புரிஞ்சிரும்.

ராஜா_பல்லாரத் · திங்கள் காலை 9:40

கல்லைப் பையில போட்டு வைக்கிறது நல்ல யோசனை. நான் என் வீட்டுத் தோட்டமே அதுல கட்டியிருக்கேன்.

முரளி_மெல்பர்ன் · அடுத்த ஞாயிறு இரவு 8:45

போயிட்டு வந்தாச்சு. நேத்து அதே இடம், அதே மண்ணு, பையனும் வந்தான் (பிட்சா வாங்கித் தர்றேன்னு பேரம்).

முதல்ல அண்ணா சொன்ன மாதிரி காயிலை இடுப்பு உயரத்துல பிடிச்சேன். கொஞ்சம் முனகிச்சு. போன் ஏரோபிளேன் மோடுலதான் இருந்துச்சு. பார்த்தா பையன் போன், அவன் பின் பாக்கெட்ல! அதை வண்டில வச்சதும் மேல சுத்தமா அமைதி. கீழ இறக்கினா பழைய கத்தல். ஆக மண்ணுதான்.

கிரவுண்ட் பேலன்ஸ் பிடிக்க எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. முதல் தடவை பேலன்ஸ் பண்ணின இடத்துலயே ஒரு பழைய ஆணி கிடந்திருக்கு, அது தெரியாம அதுக்கும் சேர்த்து பேலன்ஸ் பண்ணிட்டேன் போல. ரெண்டாவது இடத்துல அமைஞ்சது. அதுவே பாதிக் கத்தலைக் குறைச்சிருச்சு, இன்னும் 22லதான் இருக்கேன்.

அப்புறம் அக்கா சொன்ன சோதனை. ஒரு கிராம் ஈயக்குண்டு, மூங்கில் குச்சி நுனியில. காத்துல பிடிச்சுப் பார்த்தா 22ல 17 செ.மீ. தள்ளிக் கேக்குது. "காத்துல எல்லா மெஷினும் கெட்டிக்காரன்"னு நீங்க சொன்னது அப்பத்தான் உறைச்சது. மண்ணுக்குள்ள 8 செ.மீ. ஆழத்துல தள்ளிட்டு ஆட்டினா 22ல குண்டு எது மண்ணு எதுன்னு தெரியல. இடம் தெரிஞ்ச எனக்கே தெரியல. 20லயும் சந்தேகம். 17க்கு வந்தப்போ சுருக்குனு ஒரு சத்தம், ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல. பையன் "இதான்"னான், நான் சொல்றதுக்கு முன்னாடியே. 12க்கு இறக்கினேன்: 8ல காணோம், 6க்கு மேல இழுத்ததும் நல்லாக் கேட்டுச்சு. ஆக அந்த இடத்துல, நேத்து இருந்த காய்ஞ்ச மண்ணுல, என் காதுக்கு 17. கீழ இருக்கிற ஓடைப் பக்கம் போனதும் மறுபடி சோதிச்சோம். அங்க மண்ணு வெளிறிப்போய் இருந்துச்சு, 21 வரைக்கும் ஏத்த முடிஞ்சது.

பார்க்கிங் தாத்தாவை மறுபடி பார்த்தேன். சொன்னேன். "ஹ்ம்"ன்னு மட்டும் சொன்னார், ஆனா என் மூங்கில் குச்சியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துட்டு இருந்தார்.

நாள் கணக்கு: தோண்டின குழி ஒன்பது. ஈயக்குண்டு அஞ்சு, ஒரு பழைய பித்தளைப் பொத்தான், தோட்டா உறை ஒண்ணு, ஹாட் ராக் ரெண்டே ரெண்டு. தங்கம் இல்ல.

மதியத்துக்கு மேல பையன் மெஷினை வாங்கினான். அரை மணி நேரத்துல "அப்பா, அப்பா, இங்க வா, சூப்பர் சத்தம்"னு கத்தினான். ஓடிப் போய் மெதுவா மெதுவாத் தோண்டினோம், நெஞ்சு அடிச்சுக்குது. பார்த்தா மூங்கில் குச்சி. காலைல சோதனை பண்ணிட்டு எடுக்க மறந்த ரெண்டாவது குச்சி, நுனியில என் ஈயக்குண்டு.

ராஜா_பல்லாரத் · ஞாயிறு இரவு 8:58

சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி. உண்மையை ஒத்துக்கிறேன், இந்த வாரம் நானும் ஒரு குச்சி செஞ்சு எடுத்துட்டுப் போனேன். என் 'முக்கால்வாசி'ல 8 செ.மீ. குண்டு எனக்குக் கேட்டுச்சு. 10ல கேக்கல. ரெண்டு புள்ளி இறக்கினேன், கேட்டுச்சு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.

பளைப்_பிள்ளை · ஞாயிறு இரவு 9:20

முரளி, பிள்ளை எடுத்த அந்தக் குச்சி எவ்வளவு ஆழத்தில கிடந்தது? மெஷின் எத்தினையில இருந்தது?

முரளி_மெல்பர்ன் · ஞாயிறு இரவு 9:24

9 செ.மீ. மெஷின் 17ல, நான் வச்சுக் கொடுத்தபடியே. அவன் மாத்தல.

பளைப்_பிள்ளை · ஞாயிறு இரவு 9:31

அப்ப அடுத்தமுறை அவனுக்குத் தெரியாமல் 10இல ஒண்டு, 11இல ஒண்டு தாட்டுப்போட்டுத் தேட விடுங்கோ. எங்களையும் உப்பிடித்தான் பழக்கினவை. தாட்ட இடத்தை மட்டும் எழுதி வையுங்கோ.

முரளி_மெல்பர்ன் · ஞாயிறு இரவு 9:33

பிட்சா ரெண்டாயிடும் அக்கா.